சொன்ன விலைக்கு ஓர் ஆடு

என் அக்காவின் உயிருக்கு ஹலேசிக் கடைத்தெருவில் சொன்ன விலை இருபத்திரண்டாயிரம் ரூபாய். அக்கா அதைப் பதினெட்டாயிரத்துக்குக் கொண்டுவந்தாள்.

பேசியவள் அவளேதான். விற்றவன் ஜஸ்மான் ராய் என்கிற கறிக்கடைக்காரன். சரக்கு, கறுப்பும் வெள்ளையுமாக ஒரு கிடா. வெட்டுக்குக் காத்திருக்கும் ஆட்டை விலை கொடுத்து மீட்டு, காதில் சிவப்பு நூல் கட்டி விட்டுவிட்டால், ஆட்டுக்குக் கிடைத்த ஆயுள் நோயாளிக்கும் கிடைக்கும் என்பது எங்கள் வழக்கம். அதற்கு ஒரே நிபந்தனை, சொன்ன விலையைச் சொன்னபடி கொடுக்க வேண்டும். பேரம் கூடாது. அங்கே குறைக்கிற ஒவ்வொரு ரூபாயும் ஆயுளில் குறையும்.

எங்கள் ஜனத்திடம் இப்படி ஒரு நிபந்தனை வைப்பது, மீனைப் பிடித்துக் கரையில் போட்டு மூச்சு விடு என்பதைப் போல. நாங்கள் நேபாளத்து மனாங் பள்ளத்தாக்குக்காரர்கள். அந்த மலையில் விளைந்ததைத் தின்று யாரும் வயிறு நிறைந்ததில்லை. கீழே இறங்கி விற்றுத்தான் நிறைந்தோம். என் அப்பா பாங்காக்கிலும் பினாங்கிலும் நடைபாதையில் துணி விரித்து நகைக்கல் விற்றவர். பினாங்கில் ஒரு தமிழ்க் கடைக்காரரிடம் காலையிலிருந்து மதியம்வரை மோதி ஒரு குடையைப் பாதி விலைக்கு வாங்கியதை, மற்ற அப்பாக்கள் பனிச்சிறுத்தையை விரட்டிய கதையைச் சொல்வதுபோல் சொல்வார். புத்தாண்டுக்கு நாங்கள் பத்து ரூபாய் கேட்டால் நாலில் ஆரம்பிப்பார்.

எனக்கும் அக்காவுக்கும் அவர் முதலில் கற்றுத்தந்த விளையாட்டு விரல்பேரம். விற்பவனும் வாங்குபவனும் ஒரே சட்டைக்கைக்குள் கையை விட்டுக்கொள்வார்கள். எத்தனை விரலைப் பிடிக்கிறோமோ அதுதான் விலை. நூறா ஆயிரமா என்பதை முதலில் வாயால் சொல்லிக்கொள்வோம்; மற்றதெல்லாம் விரலுக்கும் விரலுக்கும் மட்டும் தெரிந்தது. ஒரு நாளும் நான் அக்காவை வென்றதில்லை.

அவள் பெயர் யாங்ஸோம். காத்மாண்டுவில், பௌத்த ஸ்தூபியைச் சுற்றும் வழியில் பவளமும் நீலக்கல்லும் விற்கும் கடை அவளுடையது. ஈரலில் கட்டி வந்தது. ஆஸ்பத்திரியில் திறந்து பார்த்து, திரும்பத் தைத்து, வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய் விரும்பியதைச் சாப்பிடக் கொடுங்கள் என்றார்கள். விரும்பியதைச் சாப்பிடு என்று டாக்டர் சொன்னால் கடையை மூடச் சொல்கிறார் என்று அர்த்தம். அவள் கணவர் குன்சாங் மாமா, கம்பள வியாபாரி, என்னைவிட இரண்டு மடங்கு உடம்பும் பத்து மடங்கு பக்தியும் உள்ளவர், லாமாவிடம் ஓடினார். லாமா மணிமாலையை உருட்டிப் பார்த்து, ஹலேசியில் குரு பத்மசம்பவர் சாவை வென்ற குகைக்குப் போங்கள், ஆயுள் தீட்சை வாங்குங்கள், ஓர் உயிரை மீட்டு விடுங்கள் என்றார். பேரத்தைப் பற்றியும் சொன்னார். சொல்லும்போது எங்கள் மூவரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார்.

ஜீப்பில் வழியெல்லாம் மாமா அதையே சொல்லிக்கொண்டு வந்தார்.

“ஆடு வாங்குறப்ப நீ எறங்கவே கூடாது. கண்ணாடியையும் ஏத்தி வச்சுக்க.”

“மூச்சாவது விடலாமா?” என்றாள் அக்கா.

ஜஸ்மானின் கடைமுன் ஜீப் நின்றது. மாமா இறங்கிக் கிடாவைக் காட்டி விலை கேட்டார். இருபத்திரண்டு என்றான் அவன். மாமா மறுபேச்சில்லாமல் பணக்கட்டை எடுத்தார். பின்னால் ஜீப் கண்ணாடி இறங்கும் சத்தம் கேட்டது.

“எவ்வளவுன்னு சொன்ன?”

“இருபத்திரண்டு, அக்கா.”

“ஆட்டுக்கு மட்டுமா, கடைக்கும் சேர்த்தா?”

“யாங்ஸோம், வேணாம். லாமா என்ன சொன்னாரு?” என்று மாமா கெஞ்சினார்.

“லாமா என்னைக்கு ஆடு வாங்கினாரு?”

கதவைத் திறந்துகொண்டு இறங்கினாள். பல வாரங்களாகக் கழிப்பறைக்குக்கூட ஆள் பிடித்துப் போனவள், தானாக நடந்து வந்து கிடாவின் முதுகெலும்பைத் தடவினாள். உதட்டைப் பிரித்துப் பல்லைப் பார்த்தாள்.

“இந்தக் கெழட்டு ஜென்மத்துக்கா இருபத்திரண்டு?”

“அக்கா, ரெண்டு பல்லுதான் விழுந்து மொளச்சிருக்கு. மனசாட்சியோட பேசுங்க.”

“மனசாட்சி இருக்கிறவன் கறிக்கடை வப்பானா? பதினஞ்சு.”

“பதினஞ்சுக்கு வாலக்கூடத் தரமாட்டேன்.”

“வால நீயே வச்சுக்க. மிச்சத்தக் குடு.”

கூட்டம் சிரித்தது. ஜஸ்மானும் சிரித்தான், பேரத்தில் சிரித்தவன் பாதி தோற்றவன். இருபது என்றான். அக்கா, எங்கள் அப்பாவின் பழைய வித்தையைச் செய்தாள்: திரும்பி நடந்தாள். வித்தைக்காகத் தள்ளாடுகிறாளா உண்மையாகத் தள்ளாடுகிறாளா என்று எனக்கே தெரியவில்லை. ஜஸ்மானுக்கும் தெரிந்திருக்காது.

“சரி, சரி, பதினெட்டு! நடந்து விழுந்துடாதீங்க.”

அவள் கன்னத்தில் ரத்தம் ஏறியிருந்தது. அது மாமாவின் கன்னத்திலிருந்து இறங்கிய ரத்தம் போலிருந்தது. அவர் கையிலிருந்த கட்டில் பதினெட்டை அவளே எண்ணிக் கொடுத்து, மிச்சம் நாலாயிரத்தை அவர் சட்டைப்பையில் செருகினாள்.

அன்று மதியம் விடுதியில் ஒரு தட்டு மோமோவைத் தனியாகத் தின்று, இன்னும் கொஞ்சம் மிளகாய்ச் சட்னி கேட்டாள். அவள் அப்படிச் சாப்பிட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. மாமா தட்டைத் தொடவில்லை.

“நாலாயிரம், யாங்ஸோம். நாலாயிரம்!”

“ஏன் கத்துற? லாபந்தானே?”

“உன் ஆயுசுல நாலாயிரம்.”

“அவன் சொன்னது யாத்திரைக்காரங்க வெல. நம்ம ஆளுங்க பேசமாட்டாங்கன்னு தெரிஞ்சு ஏத்திச் சொல்றான். ஊர்க்காரன் போய்க் கேட்டா பதினாறுக்குத் தருவான். பொய் வெலையக் குடுத்தா மட்டும் நெஜ ஆயுசு வந்துடுமா?”

இதற்குத் தகுதியுள்ள லாமாக்களிடமே பதில் இருக்குமா என்பது எனக்குச் சந்தேகம். மாமா எழுந்து வெளியே போனதும் அக்கா தேநீர்க் கோப்பையை எடுத்தாள். அதைக் குடிக்காமல் என் பக்கம் குனிந்தாள்.

“தம்பி, நெஜமாவே கொறஞ்சிருக்குமாடா?”

“போக்கா. ஆடு வெலைக்கும் ஆயுசுக்கும் என்ன?”

“அப்ப எதுக்கு வந்தோம்?”

கோப்பையைக் கீழே வைத்தாள்.

“வாய் தானாப் போயிடுச்சுடா. அவன் இருபத்திரண்டுன்னதும் எனக்கு வலியே மறந்துபோச்சு. ரெண்டு பேருமா போய் அந்த நாலாயிரத்தக் குடுத்துட்டு வந்துடுங்க. எனக்குப் பயமா இருக்கு.”

எந்தப் போலிக் கல்லைக் கையில் கொடுத்தாலும் அதற்கு ஒரு நல்ல வார்த்தை வைத்திருப்பவன் நான். அப்போது எழுந்து மாமாவைத் தேடிப் போனேன்.

மாமாவும் நானும் கறிக்கடைக்குப் போனோம். ஜஸ்மான் ஒரு தொடையைத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தான். மாமா நாலாயிரத்தைப் பலகையில் வைத்தார்.

“ஆட்டோட பாக்கி. வாங்கிக்கப்பா.”

“என்ன பாக்கி? பேசி முடிச்சதுதானே, முதலாளி?”

மாமா விஷயத்தைச் சொன்னார். நோய், லாமா, ரூபாய்க்கு ரூபாய் ஆயுள், எல்லாவற்றையும். சொல்லச் சொல்ல ஜஸ்மான் பலகையிலிருந்து பின்வாங்கினான். ரத்தக் கையைத் துடைத்துக்கொண்டான்.

“அப்ப இந்த நோட்டுல அக்காவோட சீக்கு இருக்கு.”

“சீக்கு இல்லப்பா, ஆயுசு!”

“ஆயுசு உங்களுக்குப் போகும். மிச்சம் எனக்கு வரும். எனக்கு மூணு பசங்க, முதலாளி. எடுத்துடுங்க.”

“ரெண்டாயிரமாவது வச்சுக்க,” என்றேன் நான், பழக்கதோஷத்தில்.

“மச்சான்!” என்று மாமா என் கையைப் பிடித்தார். “நாலாயிரம். ஒரு ரூபா கொறையக் கூடாது. அஞ்சாயிரமாக்கூட வாங்கிக்கப்பா.”

“ஒரு ரூபாகூட வேணாம்.”

“ஆறு!”

கூட்டம் மறுபடி சேர்ந்தது. வாங்குபவன் ஏற்ற, விற்பவன் இறக்க, அந்தக் கடைத்தெரு அப்படி ஒரு பேரத்தைப் பார்த்ததில்லை. வியாபாரத்தைத் திருப்பிக்கொள், ஆட்டை வாங்கிக்கொண்டு மறுபடி இருபத்திரண்டுக்கு விற்றுவிடு என்று நான் ஒரு வழி சொன்னேன். திருப்பி வாங்கினால் அதை வெட்ட வைத்தவர்கள் நீங்கள் ஆவீர்களே என்றான். அதற்கு மேல் மாமா என்னைப் பேச விடவில்லை.

ஜஸ்மான் கல்லாவைத் திறந்து இரண்டாயிரத்தை எடுத்து எங்கள் நாலாயிரத்தின் பக்கத்தில் வைத்தான்.

“அது பதினாறாயிரத்து ஆடுதான், முதலாளி. ஊருக்கு அந்த வெலதான். அக்காவுக்கு இப்பிடின்னு தெரியாம ரெண்டு கூட வாங்கிட்டேன். இத எடுத்துட்டுப் போயிடுங்க.”

மாமா தீயைத் தொட்டவர்போல் கையை இழுத்துக்கொண்டார். இன்னும் குறைகிறதே! எங்கள் நாலாயிரத்தை மட்டும் வாரிக்கொண்டு ஏறக்குறைய ஓடினோம்.

குகையை ஒட்டிய மடத்தில் தீட்சைக்கு ஏற்பாடு செய்துகொண்டிருந்த ஆனி செத்தென் என்கிற பிக்குணியிடம் மாமா யோசனை கேட்டார். பாக்கியை வேறு வழியில் தீர்க்க முடியுமா? இன்னொரு ஆட்டை முழு விலைக்கு வாங்கினால்?

“அந்த ஆட்டுக்கு நல்லது,” என்றாள் அவள்.

“என் பொண்டாட்டிக்கு?”

“எனக்குத் தெரியலப்பா. தெரிஞ்ச மாதிரி சொல்லட்டுமா, தெரியலன்னு சொல்லட்டுமா?” மாமா அழ ஆரம்பித்ததைப் பார்த்துவிட்டு, “காலைல தீட்சை இருக்கு. கொஞ்சம் சாப்பிடு,” என்றாள்.

அக்காவிடம் பணத்தைக் கொடுத்துவிட்டோம் என்று நான் சொன்னேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். பொய்க் கல்லை இரண்டடி தூரத்திலேயே கண்டுபிடிப்பவள்.

“வாங்கிக்கிட்டானா? சரி,” என்றாள்.

காலையில் குகைக்கு இறங்கும் படிகளில் அவளை முதுகில் சுமந்தேன். பள்ளிக்கூடப் பையின் கனம்கூட இல்லை.

“கூலி எவ்வளவு?” என்று காதுக்குள் கேட்டாள்.

“ஆயிரம்.”

“எறங்குறதுக்கா? ஏறுறதுக்குத்தான் கூலி. எறங்குறப்ப நீ எனக்குத் தரணும்.”

உள்ளே வௌவால் நாற்றமும் நெய்விளக்கு வாசனையும் கலந்திருந்தன. பாவத்தைச் சோதிக்கும் பாறை இடுக்குக்கு முதலில் போனோம். பாவம் உள்ளவனைப் பாறை நெருக்கும், இல்லாதவனை விட்டுவிடும். மாமா தலையை நுழைத்தார், தோளை நுழைத்தார், வயிற்றில் நின்றுபோனார். முன்னால் ஒரு பிக்கு இழுக்க, பின்னால் நான் தள்ள, பாறைக்குள்ளிருந்து மந்திரம் கேட்டுக்கொண்டே இருந்தது. பித்தான் எல்லாம் தெறித்த பிறகு வெளியே வந்தார். அடுத்தது அக்கா. உறைக்குள் கடிதம் போவதுபோல் போய் வந்தாள். சுற்றி நின்ற யாத்திரைக்காரர்கள் கும்பிட்டார்கள். பாவமே இல்லாத பெண்பிள்ளை என்றாள் ஒரு திபெத்தியக் கிழவி.

“பாவம் இல்லாம இல்லம்மா. சதை இல்லாம,” என்றாள் அக்கா.

மடத்து லாமா ஆயுள் கலசத்தை அவள் தலையில் வைத்தார். மாவுருண்டையை வாயில் போட்டார். ஒரே நூற்கண்டிலிருந்து அறுத்து அவள் மணிக்கட்டில் ஒன்றும் ஆட்டின் காதில் ஒன்றும் கட்டினார்கள். ஆடு அதற்குப் போர்த்திய வெள்ளைப் பட்டில் பாதியைத் தின்றுவிட்டது. அக்கா சிரித்தாள். அவள் கண்ணை மூடி வேண்டிக்கொண்டபோது உதடு அசைவதைப் பார்த்தேன். அது மந்திரம் அல்ல. எவனிடமோ எதையோ பேசிக்கொண்டிருந்தாள். அந்த உதட்டசைவை நான் கடையில் ஆயிரம் முறை பார்த்திருக்கிறேன்.

ஆட்டை மடத்தின் பின்னால் இருந்த புல்வெளியில் விட்டோம். ஊர் போய்ச் சேரச் சாமான்களை ஏற்றிக்கொண்டு கடைத்தெரு வழியாக ஜீப் இறங்கியபோது, காதில் சிவப்பு நூலோடு அது ஜஸ்மானின் கடைவாசலில் நின்றுகொண்டிருந்தது. தலைக்கு மேல் யாரோ ஒரு சொந்தக்காரனின் விலா எலும்பு தொங்கியது. கீழே நின்று சோளத்தட்டை மென்றது.

மாமா இறங்கி இழுத்தார். அது காலை ஊன்றிக்கொண்டது. மடம்வரை தூக்கிக்கொண்டு போய் விட்டுவிட்டு வந்தார். அவர் மூச்சு வாங்கி உட்காருவதற்குள் ஆடு அவரைத் தாண்டிக் கடைக்கு வந்துவிட்டது.

“இங்கதான் அதுக்குத் தீனி,” என்றான் ஜஸ்மான் தலையைச் சொறிந்துகொண்டு. “பயப்படாதீங்க. நூல் கட்டினத யார் வெட்டுவா? நானா?”

“விட்டாலும் எங்க போகுது பாரு,” என்று அக்கா ஜன்னல் வழியாகச் சொன்னாள்.

வீட்டுக்கு வந்ததும் மாமா கடையைப் பூட்டிவிட்டு ஸ்தூபியைச் சுற்றினார். சுற்றி முடித்து அக்காவைப் பார்க்க வருவார், அவளைப் பார்த்ததும் மறுபடி சுற்றப் போவார். மலைப் பஸ் டிரைவர் ஒருவன் மூலம் நாலாயிரத்தை ஓர் உறையில் போட்டு ஜஸ்மானுக்கு அனுப்பினார். டிரைவர் அடுத்த நடையிலேயே உறையைத் திருப்பிக் கொண்டுவந்தான். கனமாக இருந்தது. பிரித்தால் ஆறாயிரம். ஜஸ்மான் தன் இரண்டாயிரத்தையும் சேர்த்து அனுப்பியிருந்தான்.

அக்காவிடம் அதைக் காட்டவில்லை. காட்டியிருந்தால் சிரித்திருப்பாள் என்று இப்போது நினைக்கிறேன். அவள் சிரிக்கக்கூடிய நாள்கள் அப்போது கொஞ்சம் இருந்தன.

பிறகு அவளுக்குப் பேச்சு நின்றது. ஒரு மத்தியானம், மாமா சுற்றப் போயிருந்தபோது, நான் கட்டிலருகே உட்கார்ந்திருந்தேன். மஞ்சள் பூத்த கை போர்வைக்குள்ளிருந்து வந்து என் ஸ்வெட்டர் கைக்குள் நுழைந்தது. விரல்களைத் தேடியது. நாலு விரலைப் பிடித்தது.

நாலு. ஆனால் நாலு என்ன? நூறா, ஆயிரமா, நாளா, வருடமா, முதலில் வாயால் சொல்லிக்கொள்ள வேண்டும். அவளால் முடியவில்லை. எந்தச் சரக்கு, யார் விற்கிறார், யார் வாங்குகிறார் என்று எதுவும் தெரியாமல் நான் அவளுடைய ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்தேன். ஏற்றினேன். எதுவானாலும் இன்னும் ஒன்று சேர்த்துத் தருகிறேன் என்று.

அவள் கை உதறியது. மறுபடி நாலையே பிடித்தது.

நான் மறுபடி ஐந்து என்றேன். அவள் நாலு. கண் மூடியிருந்தது, உதட்டோரம் மட்டும் லேசாக வளைந்தது. வாழ்நாளில் அவளிடம் நான் வென்றதில்லை; அன்று வெல்ல வேண்டும் என்று வெறியாக இருந்தது. மூன்றாவது முறை ஐந்தைப் பிடிக்கப் போனபோது அவள் விரல்களில் பிடி இல்லை. தூங்கிப்போயிருந்தாள். மறுநாள் விடியலில் போனாள்.

அவளுக்காக நாற்பத்தொன்பதாம் நாள் விளக்குகள் ஏற்றி முடித்த அன்று ஜஸ்மான் போன் செய்தான். அக்கா எப்படி இருக்கிறாள் என்று கேட்டான். சொன்னேன். அவனுக்குப் பின்னால் ஓர் ஆடு கத்தியது.

“அதா?”

“அதேதான், முதலாளி. வாசல விட்டு நகரமாட்டேங்குது. நல்லாக் கொழுத்துடுச்சு. பாக்குறவன்லாம் என்ன வெலன்னு கேக்குறான்.”

“என்ன சொல்ற?”

“விக்கிறதுக்கில்லன்னு சொல்றேன்.” பிறகு கேட்டான். “நான் அன்னிக்கு மொதல்லயே பதினாறுன்னு சொல்லியிருந்தா அக்கா பேசாம குடுத்திருப்பாங்களா?”

“பதிமூணுக்குக் கேட்டிருப்பா,” என்றேன்.

அவன் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் மூச்சுவிட்டான். தீனிச் செலவுக்காவது அந்த ஆறாயிரத்தை அனுப்பட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், ஆடு ஒன்றும் கடனாளி இல்லையே என்றான்.

உறை இன்னும் பூஜை அலமாரியில் தண்ணீர்க் கிண்ணங்களுக்குப் பின்னால் இருக்கிறது. மடத்துக்குக் கொடுக்கலாம் என்றால், யாருடைய பணம் என்று தீராததில் புண்ணியம் செய்யக் கூடாது என்று லாமா சொல்லிவிட்டார். மாமா தினமும் தண்ணீர் மாற்றும்போது அதைத் தொடாமல் கிண்ணங்களை எடுக்கிறார். ஆக, இன்றைய நிலவரம்: எங்கள் கணக்கில் நாங்கள் ஜஸ்மானுக்கு நாலாயிரமும், அவன் அனுப்பிய இரண்டாயிரமும் பாக்கி. ஜஸ்மான் கணக்கில் அவன் எங்களுக்குத் தரவேண்டிய இரண்டாயிரம் தீர்ந்தது. ஆடு யாருக்கும் பாக்கி இல்லை. அக்கா கணக்கில் நாலு. நாலு என்ன என்று எழுதவில்லை.